ஒன்பது நாள் பலாப்பிஞ்சு

இரவு ஒன்பது மணியானால் என் கைபேசிக்கு ஜன்னி வந்துவிடுகிறது. டொக், டொக், டொக். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருத்தி தலைப் பேனை இன்னொருத்திக்குக் கொடுத்து வளர்ந்த நாம் பதினாறு பேரும் இப்போது குழு வைத்திருக்கிறோம் அல்லவா, அதுதான். பழைய நினைவுகளைப் பகிர்வதற்கு என்றுதான் சொல்லிச் சேர்த்தீர்கள். பகிர்வதெல்லாம் ராத்திரிச் சாப்பாடு. ஒருத்தி புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். கொழும்பில் இருப்பவள் வெள்ளைப் பீங்கான் நடுவில் பச்சையாக ஏதோ ஒரு சொட்டு, அதன் மேல் ஓர் இலை. டுபாயில் இருப்பவள் "சிம்பிள் டின்னர்" என்று எழுதி ஏழு கறி. சிம்பிளாம்.

போன செவ்வாய்க்கிழமை நான் அடிப்பிடித்த பருப்பைப் படமெடுத்துப் போட்டேன். கோபத்தில்தான் போட்டேன். "வாவ், ரெசிப்பி ப்ளீஸ்" என்று இரண்டு பேர் கேட்டீர்கள். இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியாது. ராத்திரி ஆக்கியதை ஊருக்குச் சொல்வதால் என்ன விபரீதமெல்லாம் வரும் என்று பத்து வயதிலேயே கண்டு நொந்தவள் நான். அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்கள் இஷ்டம்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பரும் கொஞ்சம் தேயிலையும் கலந்த தோட்டம் எங்களுடையது. உங்களில் பஜாரிலிருந்து பள்ளிக்கூடம் வந்தவர்களுக்கு லயத்துப் பழக்கம் தெரியாது. வரிசையாக ஆறு காம்பரா, ஆறு குடும்பம், அதுதான் லயம். ஆறு வீட்டுக்கும் ஒரே பீலி. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அதில் சதா கொட்டிக்கொண்டிருக்கும். விடியற்காலை வேலைக்குப் போகுமுன் பெண்கள் வாளியோடு அங்கே நிற்பார்கள். வணக்கம் கிணக்கம் எல்லாம் கிடையாது. "நேத்து ராவைக்கு என்னா கறி?" அதுதான் வணக்கம். ஒவ்வொருத்தியாகச் சொல்லவேண்டும். சொன்னதும் மற்றவர்கள் தீர்ப்பு வழங்குவார்கள். இன்று நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்களே, அதே வேலைதான். ஒரே வித்தியாசம், அங்கே மூக்கைச் சுளிக்கவும் உரிமை இருந்தது.

அந்தச் சபைக்குத் தலைவி மூன்றாம் காம்பராப் பெரியம்மா. சொந்தமில்லை. அம்மாவைவிட மூத்தவள், பக்கத்து வீடு, அவ்வளவுதான். குரல் மட்டும் ரப்பர் ஸ்டோர் சங்கு மாதிரி. அவள் வீட்டில் மிளகாய் காரம் என்றால் அடுத்த மலைக்குத் தெரியும்.

நாங்கள் நாலாம் காம்பரா. அம்மா மட்டும் வாளி நிறைந்ததும் வாய் திறக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அதற்கும் காரணம் இருந்தது. நுவரெலியாப் பக்கத்துக் குளிர்த் தோட்டத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் அம்மா. கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கோடு வளர்ந்த கை. இங்கேயோ பலா, ஈரப்பலா, மரவள்ளி. கல்யாணமாகி நாலாம் நாள், பலாப்பிஞ்சை உருளைக்கிழங்கு மாதிரி நினைத்துக்கொண்டு, கையில் எண்ணெய் தடவாமல் வெட்டியிருக்கிறாள். பால் ஒட்டிப்போய், கத்தியும் கையும் பிரியவில்லை. அடுத்த வீட்டுக் கதவை முழங்கையால் தட்டியிருக்கிறாள். கதவைத் திறந்தது பெரியம்மா. பன்னிரண்டு வருடமாகியும் அந்தக் கதை பீலிக்கரையில் பழசாகவே இல்லை.

"என்னா புள்ள, இன்னிக்கு கத்தியோட வந்தியா, கத்திய வூட்டுலயே விட்டுட்டு வந்தியா?"

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்ததும் வாளியை ணங்கென்று தரையில் வைப்பாள். எனக்குப் பெரியம்மா மேல் கோபம் வராது. அம்மா மேல்தான் வரும். பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம்? எனக்கு அப்போதே இப்படித்தான், யாரைப் பார்த்தாலும் எரிச்சல்.

நாம் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அது. ரப்பர் மரங்கள் இலை கொட்டும் மாசம். மலை மொட்டையாகி, காலுக்கடியில் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கும். பால் குறைந்து போனதால் பால்வெட்டை நிறுத்தி எல்லோரையும் புல் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். சருகுத் தூசியில் அம்மாவுக்கு அந்த மாசம் முழுக்கத் தடிமன். மூக்கு என்று ஒன்று முகத்தில் இருந்ததே தவிர, அதனால் உபயோகம் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாரியம்மன் திருவிழாவும் அப்போதுதான். காப்புக் கட்டினால் ஒன்பது நாளைக்குத் தோட்டத்தில் கவிச்சி கூடாது. மீன், முட்டை, இறைச்சி, கருவாடு, ஒன்றும் ஆகாது. சாப்பிடக் கூடாது என்பது மட்டுமில்லை, வீட்டுக்குள் இருக்கவே கூடாது. ஆகவே காப்பன்று ஆறு வீட்டுக் கருவாட்டு டின்னும் லயத்துக்குக் கீழேயிருந்த காவல்கார வாச்சர் வீட்டுக்குப் போகும். அவர்கள் சிங்களவர்கள். வாச்சரின் மனைவியை நாங்கள் நெந்தா என்போம், சிங்களத்தில் அத்தை என்று அர்த்தம். நெந்தா ஆறு டின்னையும் தன் குசினித் தட்டில் வரிசையாக வைத்து, ஒன்பது நாளும் பிறத்தியார் பிள்ளைகளைப் பார்ப்பது போல் பார்த்துக்கொள்வாள்.

தோட்டத் தலைவர் கோயிலில் நின்று சத்தம் போட்டார். "எந்த வூட்டு மொகட்டுலயாச்சும் கவிச்சி வாட வந்துச்சி, ஆத்தாளும் சும்மா விடமாட்டா, நானும் விடமாட்டேன்!"

அம்மா அந்த வருடம் தனியாக ஒரு நேர்த்தியும் வைத்திருந்தாள். மத்தியானம் ஒரு நேரம் சோறும் ரசமும், ராத்திரிக்கு ஒரு கோப்பைப் பால் மட்டும். நான் புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸாக வேண்டுமாம். பாஸாகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்பது இனித் தெரியும்.

அம்மா ராத்திரிச் சமையலைச் சாப்பிட மாட்டாள். ருசியும் பார்க்க மாட்டாள், ஏனென்றால் முதல் கரண்டி ஆத்தா படத்துக்குப் படைக்குமுன் யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. உப்பு, புளி எல்லாம் குத்துமதிப்புத்தான். முதல் நாள் பருப்பு. இரண்டாம் நாள் பருப்பு. மூன்றாம் நாள் பருப்புக்குள் கீரை.

அப்பா தட்டைப் பார்த்தார். "இன்னிக்கு எத்தினியாவது நாளு?"

"மூணுங்க."

"மூணு தானா!" என்று கூரையைப் பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

நாலாம் நாள் நான் உடைந்து போனேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நெந்தா வீடு.

"மொக்கத துவே?" என்றாள். என்ன மகளே என்று கேட்கிறாள். எங்கள் டின்னில் எறும்பு ஏறியிருக்கிறதா என்று அம்மா பார்த்துவரச் சொன்னதாகச் சிங்களத்தில் அவிழ்த்துவிட்டேன். கணக்குத்தான் எனக்கு வராது, பொய் சொல்லச் சிங்களம் அருமையாக வரும். நெந்தா டின்னை என் கையில் கொடுத்துவிட்டு விறகு பிளக்கப் போனாள்.

டின்னுக்குள் கருவாட்டுத் துண்டுகளோடு ஒரு கட்டி மாசி இருந்தது. வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். மாசி என்பது அவித்து, புகைபோட்டு, காயவைத்து, கடைசியில் மரக்கட்டையாகவே ஆகிவிட்ட மீன். சிங்களத்தில் உம்பலகட. இடித்து ஒரு சிட்டிகை போட்டால் வெறும் கீரைத்தண்டுகூட எழுந்து நின்று பேசும். கட்டியின் நுனியை உடைத்து, கல்லில் நசுக்கித் தூளாக்கி, கொம்பாஸ் பெட்டிக்குள் கொட்டினேன். எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். இது மீனில்லை, விறகு. தண்ணீரில் போட்டால் நீந்துமா? நீந்தாது. பிறகென்ன?

அன்று அம்மா பலாப்பிஞ்சு வெட்டினாள். கை முழுக்க எண்ணெய், பல்லைக் கடித்துக்கொண்டு. கறி கொதிக்கும்போது, "பாத்துக்கடி, பொங்கிரும்" என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனாள். நான் பார்த்துக்கொண்டேன். ஒரு சிட்டிகை, ஒரு கிண்டு. இன்னொரு சிட்டிகை.

முதல் கரண்டி ஆத்தா படத்துக்கு முன்னால் போனபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். திறந்தபோது ஆத்தாள் அப்படியேதான் இருந்தாள்.

அப்பா ஒரு வாய் வைத்தார். மெல்வதை நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன்.

"கறி இன்னங் கொஞ்சம் வை" என்றார். அப்புறம் இன்னொரு தரம். கடைசியில் ஏப்பம் விட்டு, "எல்லாம் ஆத்தா புண்ணியம்" என்றார். பெரியம்மா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்தது அம்மா சொல்லித்தான், நான் கெட்டிக்காரத்தனம் காட்டவில்லை.

மறுநாள் பீலிக்கரையில் பெரியம்மா வாளியைக் கீழே வைத்தாள். வாளியைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது.

"ஏ புள்ள, நேத்து ஒங்க வூட்டுல என்னாடி கறி?"

"பலாப்பிஞ்சுங்கக்கா."

"அது பலாப்பிஞ்சா! எங்க வூட்டு மனுசன் கிண்ணத்த வழிச்சாரு, அவரு வெரல வழிச்சாரு, அப்பறம் என் வெரலயும் வழிக்க வந்துட்டாரு!"

சிரிப்பில் வாளிகள் உருண்டன. ஆறாம் காம்பரா மருமகள் கேட்டாள். "எப்புடிக்கா ஆக்குனீங்க? சொல்லுங்களேன்."

யாரைக் கேட்கிறார்கள் என்று அம்மா முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நான்தான் நின்றேன். பிறகு மெல்ல, "கொரக்காப் புளி ஒரு சொளை போட்டேன்" என்று தொடங்கினாள். தேங்காயை வறுத்ததைச் சொன்னாள். எந்த விறகில் எரித்தாள் என்பதைச் சொன்னாள். வாளி நிறைந்து, வழிந்து, தண்ணீர் அவள் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வெளியே அம்மா சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசி அன்றுதான் கேட்டேன். எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. நானே பிரதம மந்திரி ஆனது போல் இருந்தது.

பிறகு கிண்ணங்கள் வரத் தொடங்கின. பொழுது இறங்கியதும் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒரு பிள்ளை ஒரு கிண்ணம். "அம்மா ஒரு வாய் கறி வாங்கியாரச் சொன்னாங்க." அம்மாவுக்குக் கை ஓயவில்லை, எனக்குப் பெட்டி ஓயவில்லை. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம், அந்த வாரம் கணக்குப் படிப்பித்த சேர் வகுப்புக்குள் செத்த எலியைத் தேடி அலுமாரியை நகர்த்தினார். பின் வாங்குப் பிள்ளைகளைக் குளித்துவிட்டு வரச் சொன்னார். எலி இல்லை, நான்தான். முப்பது வருடம் தாமதமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏழாம் நாள் அன்னதானத்துக்கு அரிசி சேர்க்கத் தலைவர் வந்தார். வந்தவரை உட்காரவைத்து அம்மா ரொட்டியும் பலாப்பிஞ்சும் கொடுத்தாள். நான் அடுப்புக்குப் பின்னால் பதுங்கினேன். மொகட்டு வாடைக்கே நடவடிக்கை எடுக்கிற மனிதர். முதல் வாயில் கண்ணை மூடினார். மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"தங்கச்சி, திருவிழா அன்னிக்கு கோயில்ல பெரிய அண்டாக் கறி இந்த வருசம் நீதான் ஆக்குற."

"ஐயய்யோ, அதுக்கு அக்கா இருக்காங்களே."

"அவுங்க வருசா வருசம் ஆக்குறாங்கல்ல? நீ ஆக்கு."

அந்த அண்டா பெரியம்மாவின் சிம்மாசனம். பதினைந்து வருடமாக வேறு யாரும் அதில் கரண்டி வைத்ததில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டு, பழைய அப்பியாசக் கொப்பியில் எத்தனை பிஞ்சு, எத்தனை தேங்காய் என்று எழுதச் சொன்னாள். நான் எழுத, அவள் விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். "தோட்டமே சாப்புடும்டி. எல்லாரும்." அந்த முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. கோயில் அண்டாவில் மாசி போட்டால் ஆத்தாள் என்ன செய்வாளோ, அதற்கு முன் தலைவர் என்ன செய்வாரோ. போடாவிட்டால் தோட்டம் முழுக்க ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்குத்தானா இவ்வளவு பேச்சு" என்று சொல்லும். அம்மா மறுபடி வாயை மூடிக்கொண்டு வாளி தூக்குவாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்றால், பீலிக்கரையில் அவள் பேசிய அத்தனையும் பொய்யாகிவிடும். பத்து வயதில் இவ்வளவையும் வைத்துக்கொண்டு நான் பின்னக் கணக்கு எங்கே செய்வது?

திருவிழா அன்று கோயில் முற்றத்தில் மூன்று கல் கூட்டி அண்டா ஏற்றியிருந்தார்கள். அம்மா மஞ்சள் சேலையில், துடுப்பு மாதிரி ஒரு மரக்கரண்டியோடு. என் பாவாடை இடுப்பில் கொம்பாஸ் பெட்டி. தேங்காய்ப் பால் எடுத்துவர அம்மா நகர்ந்ததும் நான் அண்டாவுக்குப் பக்கத்தில் போனேன். போடுவதா வேண்டாமா என்று அப்போதும் தெரியாது. பெட்டியைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான். யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

பெரியம்மா. பெட்டியை வாங்கி மோந்து பார்த்தாள். அண்டாவை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னை.

"அடிப் பாவி மவளே! இம்மாம் பெரிய அண்டாவுக்கு இந்த இம்புட்டுத் தூளு எங்கடி காணும்?"

எனக்கு அழுகைகூட வரவில்லை. "பெரியம்மா, ஒங்களுக்குத் தெரியுமா?"

"என் நாக்கு என்னா ரப்பர் சீட்டா? மொத நாளே தெரியும். லயத்துக்கே தெரியும்."

"அப்ப ஏன் யாருமே சொல்லல?"

"நாங்க கேட்டமா? நீ சொன்னியா? தெரியாமத் தின்னா ஆத்தா கோவிக்க மாட்டா. இப்ப பொட்டியத் தொறந்து காட்டிப்புட்டியே, இனி எப்புடிடி தெரியாதும்பேன்? வெவரங்கெட்டவளே, காப்பு அவுக்க ஒரு நாளு கூட இல்ல!" அவளுக்கு நிஜமாகவே கோபம். "கோயில் சாமான்ல மட்டும் போட்டிருந்தே, கைய முறிச்சிருப்பேன்."

"போடாட்டி அம்மாவ எல்லாரும் சிரிப்பாங்க பெரியம்மா" என்றேன். "நீங்கதான் மொதல்ல சிரிப்பீங்க."

அம்மா இடுப்பில் பால் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். வரும் வழியில் மேல் லயத்துப் பெண் ஒருத்தியிடம் எதையோ கை ஆட்டி விளக்கிக்கொண்டே வந்தாள். பெரியம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பெட்டியைத் தன் மடியில் செருகினாள்.

"போ. போயி எலைய போடு."

பந்தியில் எப்போதும் பரிமாறுகிற பெரியம்மா அன்று முதல் வரிசையில், முதல் இலையில் போய் உட்கார்ந்தாள். அம்மா கறி வைத்தாள். பெரியம்மா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். அண்டாவை இழந்தவள் என்ன சொல்லப் போகிறாள் என்று வரிசை முழுக்க அவள் வாயைப் பார்த்தது.

"அடியே!" என்றாள். சங்கு ஊதிய மாதிரி. "அதே ருசிடி! லயத்துல குடுத்தியே, அதே ருசி!"

பிறகு ஆறாம் காம்பரா மருமகள், "ஆமாக்கா, அதே தான்" என்றாள். ஒன்றாம் காம்பரா, இரண்டாம் காம்பரா, எல்லோரும். தலைவர் ஒரு வாய் வைத்தார், மென்றார், யோசித்தார். பெரியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ம், அதே தான்" என்று அவரும் விழுங்கினார். கிண்ணத்தைக் கண்ணில் காணாத மேல் லயத்து ஆட்கள்கூட அதே ருசி என்றார்கள்.

இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த அண்டாக் கறி நிஜமாகவே நன்றாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. நாலைந்து நாள் பீலிக்கரையில் கேட்டும் சொல்லியும் அம்மாவின் கை பலாவுக்குப் பழகிவிட்டிருக்கும். என் மாசியால்தான் எல்லாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று என் நாக்குக்கு மாசியைத் தவிர ஒன்றும் விளங்காது, அதனால் சாட்சி சொல்ல எனக்குத் தகுதியில்லை.

காப்பு அவிழ்த்த மறுநாள் மீன்காரர் சைக்கிள் லயத்து வாசலிலேயே காலியாகிவிட்டது. சாயங்காலம் நெந்தா டின்களோடு ஏறி வந்தாள். எங்கள் வாசலில் அம்மா கையை ஆட்டினாள்.

"எபா அக்கே. ஒயாம தியாகன்ன." வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள்!

நெந்தா குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

அன்று அம்மா ஒன்பது நாளைக்குப் பிறகு எங்களோடு ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாள். ஐந்து வீட்டில் மீன் பொரிகிற வாடை சுவருக்கு மேலால் எங்கள் தட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தட்டில் பலாப்பிஞ்சு.

"மாசி கூடப் போடலயா?" என்றார் அப்பா, தட்டைக் கிளறிக்கொண்டே.

"எதுக்குங்க? மாசி போட்டா சாமானோட ருசி தெரியாது. நான் சைவமா ஆக்குனதத்தானே தோட்டமே மெச்சுச்சி? இனி நம்ம வூட்டுல எப்பவுமே இப்புடித்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. நீ தொடங்கியது, நீயே முடி. ஒரே ஒரு வரி சொன்னால் போதும். அந்த ராத்திரியே எனக்கு விடுதலை. சொல்லாவிட்டால் கல்யாணமாகிப் போகும்வரை இதுதான் கறி.

அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். "எப்புடிடி இருக்கு?"

"நல்லாருக்கும்மா" என்றேன்.

"அப்ப இன்னங் கொஞ்சம் வச்சிக்க" என்று குழிக் கரண்டியால் நிறைய அள்ளினாள்.

நான் தட்டை நீட்டினேன்.